ஒன்பது வருஷம் வாத்தியார் வேலை தேடினவர்

இந்த எபிசோட் எங்க வீட்டு ஹாலில் நடந்த ஒரு சண்டையில் இருந்து ஆரம்பிக்குது.

எங்க அக்கா எம்.எஸ்சி. கணிதம் முடிச்சு, பி.எட். முடிச்சு, டெட் தேர்வும் பாஸ் பண்ணவ. நாலு வருஷமா வாத்தியார் வேலை தேடிக்கிட்டு இருக்கா. தனியார் பள்ளிகளில் டெமோ கிளாஸ் எடுக்கச் சொல்வாங்க. எடுப்பா. "சொல்லி அனுப்பறோம்"னு சொல்வாங்க. அதுக்கப்புறம் போன் வராது. போன மாசம் எங்க அப்பா, அவளுக்குத் தெரியாம அவ பயோடேட்டாவை எடுத்துக்கிட்டு, பழைய நண்பர் ஒருத்தர் மூலமா ஒரு பள்ளித் தாளாளரைப் பார்த்துட்டு வந்துட்டார். விஷயம் தெரிஞ்சதும் அக்கா கத்திட்டா. "என் வேலைக்கு நீங்க ஏன்ப்பா போய்க் கை கட்டி நிக்கணும்?" அப்பா ஒண்ணும் பேசல. பேப்பரை மடிச்சு வெச்சுட்டு எழுந்து உள்ளே போயிட்டார்.

நான் சமாதானம் பண்றேன்னு நினைச்சு, எல்லாரும் சொல்ற அதே டயலாக்கை எடுத்து விட்டேன். "ஐன்ஸ்டைனுக்கே வேலை கிடைக்கலையாம்க்கா." அவ திரும்பிப் பார்த்து ஒண்ணே ஒண்ணு கேட்டா. "கடைசியில கிடைச்சுதுன்னு எனக்கும் தெரியும்டா. நடுவுல அந்த ஆள் என்ன பண்ணார்? அதைச் சொல்லு."

எனக்குப் பதில் தெரியல. அந்த "நடுவுல" என்ற ஒரு வார்த்தைக்காக மூணு வாரம் ஆபீஸ் முடிஞ்சு வந்து உட்கார்ந்து படிச்சேன். படிச்சதுதான் இன்னைக்கு எபிசோட்.

படிச்சது வாத்தியார் படிப்பு

காப்புரிமை அலுவலகத்தில் கிளார்க்கா இருந்த ஐன்ஸ்டைன் உலகத்தையே மாத்தினார், இது நம்ம எல்லாருக்கும் தெரிஞ்ச கதை. இதில் காணாமப் போற விஷயம் ஒண்ணு இருக்கு. அவர் காப்புரிமை அலுவலகத்துக்காகப் படிக்கலை. அவர் படிச்சது ஆசிரியர் ஆகறதுக்கு.

1896-ல் அவர் சேர்ந்தது சூரிச் பாலிடெக்னிக். இன்னைக்கு இ.டி.எச். சூரிச்னு சொல்றோமே, அதேதான். அங்கே அவர் எடுத்த பிரிவு, கணிதத்துக்கும் இயற்பியலுக்கும் ஆசிரியர்களை உருவாக்கும் பிரிவு. 1900 ஜூலையில் அவரோட சேர்ந்து இறுதித் தேர்வு எழுதினவங்க மொத்தம் 5 பேர். 4 பேர் பாஸ். ஐன்ஸ்டைனின் சராசரி 6-க்கு 4.91. பாஸ் ஆனவங்களில் அவர்தான் கடைசி. ஐந்தாவது ஆள் ஃபெயில். அந்தக் குழுவில் இருந்த ஒரே பெண், ஐன்ஸ்டைனின் காதலி, மிலேவா மாரிச். இந்தப் பெயரை ஞாபகம் வெச்சுக்குங்க, திரும்ப வருவோம்.

பாஸ் ஆன மத்த மூணு பேருக்கும் அதே கல்லூரியில் உதவியாளர் வேலை கிடைச்சது. ஐன்ஸ்டைனுக்கு மட்டும் கிடைக்கலை.

ஏன்? நேர்மையா சொன்னா, பாதி காரணம் அவரே. கிளாஸுக்குப் போக மாட்டார். நண்பன் மார்செல் கிராஸ்மன் எழுதி வெச்ச நோட்டை வாங்கிப் படிச்சுத்தான் பரீட்சை எழுதுவார். ஒரு லேப் கோர்ஸில் வாத்தியார் அவருக்குப் போட்டது 1, அதாவது இருக்கறதிலேயே குறைஞ்ச மதிப்பெண், கூடவே எழுத்துப்பூர்வமா ஒரு கண்டிப்பு. இயற்பியல் பேராசிரியர் ஹைன்ரிக் வெபரோட சுத்தமா ஒத்துப்போகலை. வெபருக்கு ரெண்டு உதவியாளர் தேவைப்பட்டப்போ, இயற்பியல் படிச்ச இவரை விட்டுட்டு ரெண்டு மெக்கானிக்கல் இன்ஜினியர்களை எடுத்துக்கிட்டார். அடுத்து, கணிதப் பேராசிரியர் ஹுர்விட்ஸிடம் வேலை கேட்டு எழுதினார். பிரச்சினை என்னன்னா, ஹுர்விட்ஸின் வகுப்பு பக்கமே இவர் அதிகம் தலைகாட்டினதில்லை.

மீதிப் பாதி காரணம் அவர் கையில் இல்லை. இத்தாலியில் அப்பாவின் எலக்ட்ரிக்கல் தொழில் கடனில் மூழ்கிக்கிட்டு இருந்தது. வீட்டில் இருந்து பணம் வராது. யூதர் என்பதால் ஜெர்மன் பேசும் நாடுகளில் சில கதவுகள் தட்டும் முன்னாடியே மூடியிருந்தன. இது அவருக்கே தெரியும், மிலேவாவுக்கு எழுதின கடிதத்தில் சொல்லியிருக்கார்.

காலியா இருக்கும் பதில் கார்டு

1901 மார்ச். அவருடைய முதல் ஆய்வுக் கட்டுரை அப்போதான் ஒரு பெரிய ஜெர்மன் இதழில் வெளியாகியிருந்தது. அதோட ஒரு பிரதியை இணைச்சு, லைப்ஸிக்கில் இருந்த பிரபல வேதியியலாளர் வில்ஹெல்ம் ஆஸ்ட்வால்டுக்கு மார்ச் 19 அன்று வேலை கேட்டு எழுதினார். பதில் இல்லை. ரெண்டு வாரம் பொறுத்தார். ஏப்ரல் 3 அன்று இன்னொரு கார்டு: போன கடிதத்தில் என் முகவரியை எழுதினேனான்னு சந்தேகமா இருக்கு, அதான் திரும்ப எழுதறேன், என்பது போல.

சிரிப்பு வருதில்லையா? நாம அனுப்பற ஃபாலோ-அப் மெயிலேதான். "மேலே அனுப்பிய மெயில் உங்களுக்கு வந்ததா என்று தெரிந்துகொள்ளவே." 120 வருஷத்துக்கு முன்னாடியும் அதே சாக்கு. அதுக்கும் பதில் இல்லை.

ஏப்ரல் 12. ஹாலந்தில் லைடன் நகரத்தில் இருந்த காமர்லிங் ஓனஸுக்கு ஒரு கார்டு. அந்தக் காலத்தில் பதில் கார்டோட சேர்த்தே விற்பாங்க. அனுப்புறவரே பதிலுக்கும் தபால் செலவு கட்டிடுவார். வாங்குறவர் ரெண்டு வரி எழுதித் தபாலில் போட்டால் போதும். ஓனஸ் அந்த ரெண்டு வரியை எழுதலை. காலியா இருக்கும் அந்தப் பதில் கார்டு லைடனில் பூர்ஹாவ அருங்காட்சியகத்தில் இன்னும் இருக்கு.

மறுநாள், ஏப்ரல் 13. இப்போ நடந்தது ஐன்ஸ்டைனுக்கே தெரியாது. அவர் அப்பா ஹெர்மன், மிலனில் இருந்து, முன்பின் தெரியாத அந்த ஆஸ்ட்வால்டுக்கு ஒரு கடிதம் எழுதினார். சாராம்சம் இதுதான்: என் பையன் வேலையில்லாம ரொம்ப நொந்து போயிருக்கான். தன் வாழ்க்கை தடம் மாறிப் போயிடுச்சோன்னு நாளுக்கு நாள் நினைக்கிறான். வசதி குறைஞ்ச எங்களுக்குத் தான் ஒரு பாரம்னு அவனுக்கு ஒரு உறுத்தல். உங்களை அவன் ரொம்ப மதிக்கிறான். அவன் கட்டுரையைப் படிச்சுட்டு ரெண்டு வரி உற்சாகமா எழுதினீங்கன்னா போதும், முடிஞ்சால் ஒரு உதவியாளர் வேலை. இந்தக் கடிதம் எழுதறது அவனுக்குத் தெரியாது.

இதைப் படிச்ச ராத்திரி நான் லேப்டாப்பை மூடிட்டேன். எங்க அப்பா பேப்பரை மடிச்சு வெச்சது ஞாபகம் வந்தது. ஒரு தொழிலில் தோத்துப்போன மனுஷன், படிச்ச பெரிய மனுஷனுக்கு, தன் பையனுக்காக. ஹெர்மனுக்கு எந்தப் பதிலும் வந்ததா பதிவு இல்லை.

இந்த இடத்தில் வழக்கமான மோட்டிவேஷன் வீடியோ ஒரு ட்விஸ்ட் வெச்சிருக்கும். 1910-ல் ஐன்ஸ்டைன் பெயரை நோபல் பரிசுக்கு முதல் முதலா பரிந்துரை செய்தவர் அதே ஆஸ்ட்வால்ட்தான். உண்மைதான். ஆனா ஹெர்மன் அதைப் பார்க்கலை. 1902 அக்டோபரிலேயே இறந்துட்டார்.

லீவ் வேகன்சி

அந்த ஏப்ரலில் ஐன்ஸ்டைன் தன்னைத்தானே கிண்டல் பண்ணிக்கிட்டார். வடகடலில் ஆரம்பிச்சு இத்தாலியின் தென்முனை வரைக்கும் ஒரு இயற்பியல்காரரை விடாம விண்ணப்பம் போட்டு கௌரவிச்சுட்டேன்னு மிலேவாவுக்கு எழுதினார். கழுதைக்குக் கடவுள் தடிச்ச தோலையும் சேர்த்துத்தானே கொடுத்திருக்கார்னு கிராஸ்மனுக்கு எழுதினார்.

மே மாசம் ஒரு சின்ன வெளிச்சம். வின்டர்தூர் நகரத் தொழில்நுட்பப் பள்ளியில் ஒரு கணித ஆசிரியர் ராணுவப் பயிற்சிக்குப் போறார். ரெண்டு மாசத்துக்கு ஆள் வேணும். நம்ம ஊரில் லீவ் வேகன்சின்னு சொல்வோமே, அதே. மே நடுவில் இருந்து ஜூலை நடுவரை பாடம் எடுத்தார். காலையில் அஞ்சு ஆறு பீரியட் தொடர்ந்து எடுத்த பிறகும் களைப்பே இல்லை, மத்தியானம் சொந்தப் படிப்பைப் பார்க்க முடியுது, கற்பிக்கறது இவ்வளவு பிடிக்கும்னு நினைக்கவே இல்லைன்னு ஒரு பழைய ஆசிரியருக்கு எழுதினார்.

எனக்கு இது முக்கியமாப் பட்டது. அதுவரைக்கும் அவர் தேடினது ஏதோ ஒரு வேலை. இந்த ரெண்டு மாசத்துக்கு அப்புறம், இந்த வேலை எனக்கு வரும்னு தெரிஞ்சு தேடறார். அப்படித் தெரிஞ்ச பிறகு கிடைக்காம இருப்பது இன்னும் அதிகமா வலிக்கும். எங்க அக்காவும் ஒரு பள்ளியில் மூணு மாசம் மெட்டர்னிட்டி லீவ் வேகன்சியில் எடுத்தா. அந்த மூணு மாசத்தைப் பத்தி இப்பவும் பேசுவா.

அப்புறம் ஃப்ராவன்ஃபெல்ட் நகரப் பள்ளியில் ஒரு வேலை. அது நண்பன் கிராஸ்மனுக்குப் போனது. ஐன்ஸ்டைன் வாழ்த்தி எழுதின கடிதத்தில் ஒரு விஷயத்தை ஒப்புக்கறார்: நானும் அதுக்கு விண்ணப்பிச்சேன், கிடைக்காதுன்னு தெரிஞ்சேதான் விண்ணப்பிச்சேன், பயந்துக்கிட்டு விட்டுட்டேன்னு நாளைக்கு என்னையே நான் குறை சொல்லக் கூடாதில்ல.

1901 செப்டம்பரில் ஷாஃப்ஹவுசனில் ஒரு தனியார் பள்ளி ஆசிரியர் வீட்டில் தங்கி, ஒரே ஒரு ஆங்கிலேய மாணவனுக்கு டியூஷன். மாசம் 150 ஃபிராங்க், தங்க இடம், சாப்பாடு. அங்கேயும் முதலாளியோட மோதல். சில மாசத்தில் வெளியே வந்துட்டார்.

இந்தக் கதையில் விலை கொடுத்தவர்

இப்போ மிலேவாவுக்கு வருவோம். அதே கோர்ஸ், அதே கனவு. 1901 ஜூலையில் அவர் ரெண்டாவது தடவை இறுதித் தேர்வு எழுதினார். அப்போ வயித்தில் குழந்தை. திரும்பவும் ஃபெயில். ஐன்ஸ்டைனின் அம்மாவுக்கு இந்தப் பெண்ணைப் பிடிக்கவே இல்லை. எவ்வளவு சின்ன வேலையா இருந்தாலும் எடுத்துக்கறேன், உடனே கல்யாணம் பண்ணிக்கலாம்னு ஐன்ஸ்டைன் எழுதினார். வேலை வரலை. மிலேவா தன் பெற்றோர் வீட்டுக்கு, இன்னைக்கு செர்பியாவில் இருக்கும் நோவி சாத் பகுதிக்குப் போனார். 1902 ஜனவரியில் பெண் குழந்தை பிறந்தது. அப்பா ஸ்விட்சர்லாந்தில் இருந்தார். கடிதங்களில் அந்தக் குழந்தை பெயர் லீசெர்ல். 1903 செப்டம்பரில் அதுக்கு உடம்பு சரியில்லைன்னு ஒரு கடிதத்தில் பேச்சு வருது. அதுக்கப்புறம் அந்தப் பெயர் எங்கேயுமே இல்லை. இப்படி ஒரு குழந்தை இருந்ததே, 1980-களில் அந்தக் கடிதங்கள் வெளிவந்த பிறகுதான் உலகத்துக்குத் தெரிஞ்சது.

"நிராகரிப்புதான் அவரை வளர்த்தது"ன்னு யாராவது சொன்னா, எனக்கு இப்போ கோபம் வருது. நிராகரிப்பு யாரையும் வளர்க்கலை. அந்த வீட்டில் இருந்த ஒவ்வொருத்தர்கிட்டேயும் ஒவ்வொண்ணா பிடுங்கிக்கிட்டுப் போச்சு.

டெமோ கிளாஸ் இலவசம்

அப்போ நடுவில் அவரைத் தாங்கினது எது?

1902 பிப்ரவரி 5. பெர்ன் நகரப் பத்திரிகையில் ஒரு சின்ன விளம்பரம். கணிதம், இயற்பியல் தனிப்பாடம், பாலிடெக்னிக்கில் ஆசிரியர் பட்டயம் பெற்ற ஆல்பர்ட் ஐன்ஸ்டைன், கெரெக்டிக்கைட்ஸ்காஸ தெரு 32. கடைசியில் ஒரு வரி: சோதனைப் பாடம் இலவசம். ஆமா மக்களே, டெமோ கிளாஸ் ஃப்ரீ.

அதைப் பார்த்துட்டு வந்தவங்களில் ஒருத்தர் மாரிஸ் சொலொவின், ருமேனியாவில் இருந்து வந்த தத்துவ மாணவர். இயற்பியல் கத்துக்க வந்தார். பேச்சு நீண்டுக்கிட்டே போனது. கொஞ்ச நாளில், ஃபீஸ் கிளாஸ் எல்லாம் வேணாம், சும்மா வாங்க, பேசலாம்னு ஐன்ஸ்டைன் சொல்லிட்டார். கான்ராட் ஹபிக்ட்னு இன்னொரு நண்பரும் சேர்ந்தார். மூணு பேரும் சாயங்காலம் கூடி ஹியூம், மாக், ஸ்பினோசா எல்லாம் படிச்சாங்க. சாப்பாடு சாசேஜ், சீஸ், பழம், டீ. பெரிய பெரிய அகாடமிகளைக் கிண்டல் பண்ற மாதிரி தங்களுக்கு ஒலிம்பியா அகாடமின்னு பேர் வெச்சுக்கிட்டாங்க. கணக்குப் போட்டுப் பார்த்தா வேலையில்லாத ஒருத்தரும் ரெண்டு நண்பர்களும்தான். ஆனா உள்ளே அவர் வெறும் விண்ணப்பதாரர் இல்லை. தினமும் யோசிக்கிற, வாதாடுற, சொல்லிக் கொடுக்கிற மனுஷன்.

வேலை வந்தது வேற வழியில். நோட்டுக் கொடுத்த அதே கிராஸ்மன் தன் அப்பாவிடம் சொல்ல, அவர் காப்புரிமை அலுவலக இயக்குநர் ஹாலரிடம் சொன்னார். 1902 ஜூன் 23-ல் மூன்றாம் நிலைத் தொழில்நுட்ப நிபுணரா சேர்ந்தார், வருஷத்துக்கு 3,500 ஃபிராங்க். பச்சையா சொன்னா, சிபாரிசு. 1903 ஜனவரியில் மிலேவாவோட கல்யாணம். சாட்சிக் கையெழுத்து போட்டது சொலொவினும் ஹபிக்ட்டும்.

1905-க்கு அப்புறமும் இல்லை

நான் உண்மையிலேயே ஆடிப்போனது இங்கேதான். 1905-ல் அந்தப் புகழ்பெற்ற கட்டுரைகள் வந்துடுச்சு. ஒளித்துகள், சிறப்புச் சார்பியல், எல்லாம். டாக்டர் பட்டமும் வாங்கிட்டார். அப்போ வாத்தியார் வேலை உடனே கிடைச்சிருக்கும்னுதானே நினைப்போம்?

1907-ல் பெர்ன் பல்கலைக்கழகத்தில் பிரைவட்டோசென்ட் பதவிக்கு விண்ணப்பிச்சார். அது சம்பளமே இல்லாத விரிவுரையாளர் பதவி, மாணவர்கள் கட்டற கட்டணம் மட்டும்தான் வருமானம். வெளியான 17 கட்டுரைகளை இணைச்சு அனுப்பினார், சார்பியல் உட்பட. நிராகரிப்பு. காரணம், விதிப்படி இன்னும் வெளியாகாத புது ஆய்வேடு ஒண்ணு தனியா கொடுக்கணுமாம்.

1908 ஜனவரியில் கிராஸ்மனுக்கு ஒரு கடிதம். வின்டர்தூர் பள்ளியில் வேலைக்கு எப்படி முயற்சி பண்ணணும்? நேரில் போய்ப் பார்க்கலாமா? ஸ்விஸ் ஜெர்மன் பேசாதது, யூத முகம், இதெல்லாம் தப்பான அபிப்பிராயம் கொடுக்குமா? என் ஆய்வுக் கட்டுரைகளைப் பத்திச் சொல்லலாமா, வேண்டாமா? சார்பியல் எழுதி மூணு வருஷம் ஆன மனுஷன் கேட்கிற கேள்வி இது. அதே மாசம் சூரிச்சில் ஒரு மேல்நிலைப் பள்ளியில் கணித ஆசிரியர் வேலைக்கு விண்ணப்பம் போட்டார். இயற்பியலும் எடுக்கத் தயார்னு சேர்த்து எழுதினார். மொத்தம் 21 விண்ணப்பங்கள். இறுதிச் சுற்றுக்கு 3 பேர். அந்த மூணில் அவர் இல்லை.

அப்புறம் ஆய்வேட்டை எழுதிக் கொடுத்து பெர்னில் அந்தச் சம்பளமில்லாத பதவியை வாங்கினார். பகலில் ஆபீஸ் இருக்கே, அதனால் செவ்வாய், சனி காலை 7 மணிக்கு கிளாஸ். கேட்க வந்தவங்க 3 பேர், அதில் ஒருத்தர் ஆபீஸ் நண்பர் மிக்கேலே பெஸ்ஸோ. யோசிச்சுப் பாருங்க, காலை 7 மணிக்கு நண்பனோட கிளாஸுக்கு வந்து உட்கார்றது. சூரிச் பேராசிரியர் கிளைனர் ஒரு நாள் இவர் கிளாஸைப் பார்க்க வந்தார். அன்னைக்கு சொதப்பிட்டார். டெமோ கிளாஸில் ஃபெயில். 1909 பிப்ரவரியில் இன்னொரு வாய்ப்பு கேட்டு வாங்கி, சூரிச் போய்ப் பேசி, பாஸ்.

அந்த சூரிச் பதவிக்கு இன்னொரு வலுவான பெயர் ஃபிரெட்ரிக் ஆட்லர். ஐன்ஸ்டைனின் கல்லூரிக் கால நண்பர். ஐன்ஸ்டைனை எடுக்க முடியும்னா என்னை எடுக்கறது அபத்தம்னு ஆட்லரே சொல்லி ஒதுங்கிட்டார். முதலில் சொன்ன சம்பளம் காப்புரிமை அலுவலகச் சம்பளத்தை விடக் குறைவு. ஐன்ஸ்டைன் மாட்டேன்னுட்டார். 4,500 ஃபிராங்க், ரெண்டும் சமம்னு ஆன பிறகு ஒத்துக்கிட்டார். 1909 அக்டோபரில் பேராசிரியரா கிளாஸுக்குள் போனார். 1900 ஜூலையில் இருந்து எண்ணினா, ஒன்பது வருஷத்துக்கு மேல. அடுத்த வருஷமே அவரைப் பிராக் நகரம் கூப்பிட்டப்போ, இவரை விடாதீங்கன்னு மனு கொடுத்தது அவருடைய மாணவர்கள்.

அக்காவுக்குச் சொன்ன பதில்

இதையெல்லாம் போன ஞாயித்துக்கிழமை மொட்டை மாடியில் அக்காகிட்ட சொன்னேன். நடுவில் அவர் என்ன பண்ணார்னு கேட்டியே, நான் கண்டுபிடிச்ச வரைக்கும் இதுதான்க்கா: வேலை கிடைக்கிற வரை காத்திருக்காம, யாராவது ஒருத்தருக்குச் சொல்லிக் கொடுத்துக்கிட்டே இருந்தார். வாரத்துக்குச் சில சாயங்காலம் விண்ணப்பத்தைப் பத்திப் பேசாத நண்பர்களோட உட்கார்ந்தார். உதவி வந்தப்போ வெட்கப்படாம வாங்கிக்கிட்டார்.

அக்கா கொஞ்ச நேரம் பேசல. அப்புறம் கேட்டா. "சரிடா. மிலேவாவுக்கு யார் சிபாரிசு பண்ணாங்க?"

அதுக்கு என்கிட்ட பதில் இல்லை. நான் படிச்ச எதிலும் மிலேவாவுக்காக ஒரு கிராஸ்மன் வரலை. ஒரு ஆட்லர் ஒதுங்கி வழி விடலை. அந்தப் பட்டயத்தை அவர் வாங்கவே இல்லை. ஒரே வகுப்பறை, ரெண்டு பேர். ஒருத்தர் பெயரில் நகைச்சுவையான கடிதங்கள் இருக்கு. இன்னொருத்தர் கதை அங்கேயே நின்னு போச்சு. ரெண்டு பேருக்கும் இடையில் இருந்த வித்தியாசம் திறமை மட்டும்தான்னு என்னால் நம்ப முடியலை.

அன்னைக்கு ராத்திரி அக்கா அப்பாகிட்ட போய், "அந்தத் தாளாளர் நம்பர் இருக்கா?"ன்னு கேட்டா. அப்பா பர்ஸில் இருந்து ஒரு துண்டுச் சீட்டை எடுத்துக் கொடுத்தார், மடிச்சு மடிச்சு ஓரம் கிழிஞ்சிருந்தது. வர்ற வியாழக்கிழமை டெமோ கிளாஸ். எட்டாம் வகுப்பு, இயற்கணிதம். கிடைக்குமான்னு எனக்குத் தெரியாது. போர்டுக்குப் பதிலா எங்க வீட்டு ஃப்ரிட்ஜ் கதவில் எழுதிப் பழகிக்கிட்டு இருக்கா. மாணவன் நான்தான். காலை 7 மணி கிளாஸ்.

இதைக் கேட்கிற உங்களில் பாதிப் பேர் என்னை மாதிரி வேலையில் இருக்கறவங்க. உங்க கூடப் படிச்சவங்களில் இன்னும் தேடிக்கிட்டு இருக்கும் ஒருத்தர் பெயர் இப்போ உங்க மனசில் வந்திருக்கும். "கவலைப்படாதே, கிடைக்கும்"னு மெசேஜ் போடாதீங்க. எங்கேயாவது ஒரு வேகன்சி இருக்கான்னு விசாரிச்சுட்டு போன் பண்ணுங்க. இல்லைன்னா சும்மா டீ குடிக்கக் கூப்பிடுங்க, வேலையைப் பத்தி எதுவும் கேட்காதீங்க.

அடுத்த எபிசோடில் சந்திப்போம், மக்களே.